பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் ஏன் மங்குகிறது? ஆல்டர்னேட்டரை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு நேரம், கார் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, நிற்கிறது. பாட்டில் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் ஒரு கணம் மங்கி, மறுபடி தெளிகிறது. டாஷ்போர்டு விளக்குகளும் அதே தாளத்துக்குத் துடிக்கின்றன. புதிதாகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் பொருத்தியவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். உடனே ஆம்பில் கோளாறு என்று நினைப்பார்கள். அப்புறம் பேட்டரியை மாற்றுவார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் யாரோ சொன்னார்கள் என்று மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துச் சட்டென்று தரும் ஒரு கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுவார்கள். மூன்றுக்கும் பணம் போயிருக்கும், விளக்கு மட்டும் மங்கிக்கொண்டே இருக்கும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஓடும் காரில் அந்தச் சட்டி ஆல்டர்னேட்டர்தான். பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும், கேபிள் அதைச் சுமந்து செல்லும், ஆம்ப் செலவழிக்கும். உற்பத்தி செய்வது ஆல்டர்னேட்டர் ஒன்றே. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், எதை எப்போது வாங்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

பேட்டரி எப்போது கை கொடுக்கிறது?

இன்ஜின் அணைந்திருக்கும்போது, முழுதாக சார்ஜ் ஆன ஒரு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும். இந்தக் கூடுதல் வோல்டேஜ் ஆல்டர்னேட்டர் தருவது. மின்சாரம் வோல்டேஜ் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அதனால் அமைப்பின் வோல்டேஜ் 14 அளவில் நிற்கும்வரை பேட்டரி எதையும் கொடுக்காது, வாங்கிக்கொள்ளத்தான் செய்யும். அந்த நேரத்தில் அதுவும் ஆல்டர்னேட்டருக்கு ஒரு சுமை.

ஆல்டர்னேட்டரால் தர முடிந்ததைவிட அதிகமாக நாம் கேட்கும்போது வோல்டேஜ் சரியத் தொடங்கும். 13 ஆகி, 12.6-க்கு அருகே வந்த பிறகுதான் பேட்டரி கொடுக்க ஆரம்பிக்கும். ஆனால் அது கொடுப்பது கடன். எடுத்ததையெல்லாம் பிறகு அதே ஆல்டர்னேட்டர்தான் திருப்பி நிரப்ப வேண்டும். அதற்குத் திறன் மிச்சமில்லை என்றால், எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் சரிவு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஆல்டர்னேட்டருக்குள் என்ன நடக்கிறது?

இன்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. உள்ளே சுழலும் பகுதி ரோட்டர். அதில் சுற்றப்பட்ட கம்பிச்சுருளுக்கு கார்பன் பிரஷ் வழியாகச் சில ஆம்பியர் மின்சாரம் போகிறது. அதனால் ரோட்டர் சுழலும் காந்தமாகிறது. அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மூன்று ஃபேஸ் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. வழக்கமான வடிவமைப்பில் ஆறு டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றன. வோல்டேஜ் ரெகுலேட்டர், ரோட்டருக்குப் போகும் அந்தச் சில ஆம்பியரைக் கூட்டியும் குறைத்தும் வெளிவரும் வோல்டேஜைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

முந்தைய தலைமுறைக் கார்களில் இந்த வேலையை டைனமோ என்ற பழைய வகை ஜெனரேட்டர் செய்துவந்தது. ஐடிலில் அது மிகவும் பலவீனமானது. நம்பகமான சிலிக்கான் டயோடுகள் கட்டுப்படியாகும் விலைக்கு வந்த பிறகே ஆல்டர்னேட்டர் பரவலானது. கிரைஸ்லர் நிறுவனம் 1960 மாடல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றது அந்த மாற்றத்தின் தொடக்கக் கட்டங்களில் ஒன்று.

ரெகுலேட்டர் உடனுக்குடன் வேலை செய்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டர் ஒரு பெரிய கம்பிச்சுருள். அதில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று ஏற்ற முடியாது, கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு டிரம் அடி அதற்குள் வந்து போய்விடும். அதனால் எவ்வளவு திறமையான ஆல்டர்னேட்டர் இருந்தாலும் அந்தச் சிறு இடைவெளியை நிரப்ப நல்ல பேட்டரி ஒன்று தேவைதான். ஆல்டர்னேட்டர் பெரிதாக இருந்தால் பேட்டரி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

மேலே எழுதியிருக்கும் 90 ஆம்பியர், ஐடிலில் 90 அல்ல

என் அனுபவத்தில் ஆரம்பநிலையினர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆல்டர்னேட்டர் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவு அது நல்ல வேகத்தில் சுழலும்போது தருவது. வழக்கமாக ஆல்டர்னேட்டரின் சொந்த வேகம் 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று) இருக்கும்போது அளந்து சொல்வார்கள். ஆல்டர்னேட்டர் புல்லி கிராங்க் புல்லியைவிடச் சிறியது என்பதால், இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டரை முதல் மூன்று சுற்று சுற்றும். இன்ஜின் ஐடிலில் 750 ஆர்பிஎம் என்றால் ஆல்டர்னேட்டர் சுமார் 2000-ல் சுழல்கிறது. அந்த வேகத்தில் பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் பொறித்த அளவில் பாதியைத்தான் தரும். போதாக்குறைக்கு, சூடு ஏற ஏற உற்பத்தி இன்னும் குறையும்.

அந்த உற்பத்தியில்தான் காரின் சொந்தத் தேவையும் அடங்க வேண்டும். ஃபியூல் பம்ப், இன்ஜினின் கணினி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ஏசி புளோயர், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 40, 50 ஆம்பியர் போய்விடும்.

ஆம்பின் கணக்கை இப்போது பார்ப்போம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) 1000 வாட் தரும் கிளாஸ் டி வகை ஆம்ப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் திறன் 80 சதவீதம் என்றால் 1000 வாட் வெளியே தர 1250 வாட் உள்ளே போக வேண்டும். 1250-ஐ 13.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 90 ஆம்பியர். அதே 1000 வாட்டை 60 சதவீதத் திறனுள்ள கிளாஸ் ஏபி வகை ஆம்ப் தந்தால் 120 ஆம்பியர் ஆகிவிடும்.

பயப்பட வேண்டாம், இது உச்சக் கணக்கு. பாட்டு என்பது விடாமல் முழு சத்தத்தில் ஒலிக்கும் ஒரே சுருதி அல்ல. அடி வரும், அடங்கும், இடைவெளி வரும். அதனால் சாதாரணப் பாடல்களுக்கு உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கைச் சராசரியாக எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஆம்புக்கு 30 ஆம்பியர். நீண்ட பேஸ் இழுவைகள் உள்ள இசையையே அதிகம் கேட்பவர் பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் படம் தெளிவாகும். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உள்ள கார். நெடுஞ்சாலையில் ஓடும்போது காருக்கு 50 போக 40 மிச்சம். ஆம்பின் சராசரி 30. தாங்கும். அதே கார் சிக்னலில் நிற்கிறது. உற்பத்தி 45. காருக்கே 50 வேண்டும். பாட்டுக்கு மிச்சம் எதுவுமே இல்லை, எல்லாம் பேட்டரியிலிருந்து போகிறது. ஓடும்போது நன்றாக இருந்த சிஸ்டம் நின்றவுடன் ஹெட்லைட்டை மங்க வைப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் போடும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மேக்ஸ் வாட்டை எடுக்காதீர்கள், ஆர்எம்எஸ் அளவை மட்டும் எடுங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால் ஆம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 3000 வாட் என்று எழுதியிருக்கும் ஓர் ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியரை 13.8-ஆல் பெருக்கினால் 828 வாட். அதில் 80 சதவீதம் என்றால் சுமார் 660 வாட். உள்ளே போகாதது வெளியே வராது. 3000 வாட்டுக்கு ஆல்டர்னேட்டர் தேடி அலையும் முன் இந்த ஒரு நிமிடக் கணக்கைச் செய்துவிடுங்கள்.

வோல்டேஜ் சரிந்தால் என்ன நஷ்டம்?

விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரிவது. காதுக்கு ஏற்படும் நஷ்டம் அதைவிடப் பெரியது. பல ஆம்புகளில் உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் வெளியே தரக்கூடிய உச்சமும் அதே விகிதத்தில் குறையும். பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14.4 வோல்ட் 12 ஆகச் சரிந்தால் பவரில் 30 சதவீதம் போய்விடுகிறது. சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுவோம். ஆம்பால் தர முடியாத இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். இப்படித் தொடர்ந்து ஓட்டினால் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். தரமான சப் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) இப்படி வீணாய்ப் போவதைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் தவறு அதன் மேல் இல்லவே இல்லை.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டர் போதும். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைத்துக் காட்டும் வசதி இருந்தால் நல்லது, ஏனென்றால் பேஸ் அடியின் சரிவு கண்ணுக்கு எட்டும் முன் முடிந்துவிடும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் ஒரு முறையும் ஆம்பின் பவர் முனைகளில் ஒரு முறையும் அளவெடுங்கள். இன்ஜின் ஐடிலில் ஒரு தடவை, 2000 ஆர்பிஎம்மில் ஒரு தடவை.

பேட்டரியில் வோல்டேஜ் 13.5-க்கு மேல் ஆடாமல் நிற்கிறது, ஆம்பில் மட்டும் 12-க்கு இறங்குகிறது என்றால் குற்றவாளி கேபிள் அல்லது எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு). ஆல்டர்னேட்டரைத் தொடவே வேண்டாம். இரண்டு இடத்திலும் சேர்ந்து சரிகிறது, 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினாலும் மீளவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் உண்மையிலேயே போதவில்லை, அல்லது பழுதாகியிருக்கிறது. ஐடிலில் மட்டும் சரிந்து, வேகம் ஏற்றினால் மீள்கிறது என்றால் ஐடில் உற்பத்திதான் பற்றாக்குறை. புதிதாக ஆல்டர்னேட்டர் தேடும்போது எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

முதலில் கேபிள், பிறகு ஆல்டர்னேட்டர்

கார் ஆடியோ ஆட்கள் பிக் த்ரீ என்று ஒரு வேலையைச் சொல்வார்கள். மூன்று இணைப்புகளைத் தடிமனான கேபிளால் வலுப்படுத்துவது அது: ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து காரின் பாடிக்கு, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு. பழைய கேபிள்களைக் கழற்ற வேண்டியதில்லை, அவற்றோடு சேர்த்துப் போட்டால் போதும். பாசிட்டிவ் கேபிளில் மட்டும் அதற்கேற்ற ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் இல்லாத தடிமனான கேபிள் ஒன்று எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால், வண்டியே எரியக்கூடும்.

கேபிளின் தடிமன் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். 5 மீட்டர் நீளச் செம்புக் கேபிளில் 100 ஆம்பியர் ஓடுகிறது. 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மில்லிமீட்டர் என்றால் வழியிலேயே ஏறத்தாழ 1 வோல்ட் தொலைந்துவிடும். 4 கேஜில், அதாவது 21 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட். 0 கேஜில், 53 சதுர மில்லிமீட்டரில் 0.16 வோல்ட். இது போகும் வழி மட்டும், திரும்பி வரும் எர்த் வழியிலும் இதே கதைதான். விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்கள் பலவும் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் அவை செம்பைவிடக் கணிசமாகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். வெட்டிய முனையில் கம்பி இழைகளின் உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம்.

எர்த் போடும் இடத்தில் பெயின்டை வெறும் தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டு, லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) நன்றாக கிரிம்ப் செய்து, அதாவது அழுத்தி இறுக்கி, போல்ட் போடுங்கள். பிறகு துரு ஏறாமல் மேலே ஒரு பூச்சு. ஆம்புக்குப் போகும் பாசிட்டிவ் கேபிளின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, கேபிளைக் காப்பாற்ற. அதனால் அதன் அளவைக் கேபிளின் தாங்குதிறன்தான் தீர்மானிக்கும்.

புதிய கார் வைத்திருப்பவர்கள் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கவனியுங்கள். அங்கே சிறிய பிளாஸ்டிக் பெட்டி போல ஒன்று கவ்விக்கொண்டிருந்தால் அது பேட்டரி சென்சார். உள்ளே போவதையும் வெளியே போவதையும் அது எண்ணிக் காரின் கணினிக்குச் சொல்கிறது. ஆம்பின் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டினால் அந்த மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது, கணினி தவறான முடிவெடுக்கும். எர்த்தைப் பாடியில் கொடுங்கள்.

ஆல்டர்னேட்டர் தேர்வு

கேபிள் சரியாகிவிட்டது, அளந்து பார்த்தால் இன்னும் பற்றவில்லை. சரி, இப்போது ஹை அவுட்புட் ஆல்டர்னேட்டருக்குப் போகலாம். உங்கள் காரின் பிராக்கெட்டில் அப்படியே உட்காரும் வடிவில், 200 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டர்களும் பல கார்களுக்குக் கிடைக்கின்றன. ஸ்டேட்டரில் உருண்டைக் கம்பிக்குப் பதில் பட்டையான செம்புத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிய ஹேர்பின் வகை, அதே உடலுக்குள் அதிகச் செம்பை அடக்கிவிடும். உற்பத்தியும் கூடும், சூடும் நன்றாக வெளியேறும்.

விற்பவரிடம் உச்ச ஆம்பியரை மட்டும் கேட்காதீர்கள். ஐடிலில் எவ்வளவு, சூடான பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். சோதனை அறிக்கை தந்தால் இன்னும் நல்லது. 300 ஆம்பியர் என்று விற்கப்பட்டு ஐடிலில் 60 மட்டும் தரும் ஒன்றைவிட, உச்சம் 220 ஆக இருந்து ஐடிலில் 120 தரும் ஒன்று நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பலமடங்கு பயன்படும்.

இந்த மின்சாரம் சும்மா வராது. 250 ஆம்பியரை 14 வோல்ட்டில் எடுத்தால் 3500 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் இன்ஜின் தர வேண்டியது 6000 வாட்டுக்கு மேல், அதாவது 8 குதிரைத்திறனுக்கும் அதிகம். அந்த முழு விசையும் ஒரே பெல்ட் வழியாகப் போகிறது. பெல்ட் பழையது என்றாலோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலோ வழுக்கும், கிறீச்சிடும், சூடாகும். ஆல்டர்னேட்டர் மாற்றும்போதே பெல்ட்டையும் மாற்றுங்கள். சின்ன இன்ஜின் என்றால் ஐடிலில் அது திணறுவதையும் உணர்வீர்கள். சிறிய புல்லி மாட்டி ஆல்டர்னேட்டரை வேகமாகச் சுற்ற வைக்கும் வழியும் உண்டு. ஐடில் உற்பத்தி கூடும், ஆனால் பெல்ட்டுக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினை அதிக ஆர்பிஎம்முக்கு ஏற்றும்போது ஆல்டர்னேட்டர் அதன் வேக வரம்பைத் தாண்டக்கூடும். கணக்குப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

இன்னொரு சிக்கல். இன்றைய கார்கள் பலவற்றில் எவ்வளவு வோல்ட் தர வேண்டும் என்று ஆல்டர்னேட்டருக்கு ஆணையிடுவது இன்ஜின் கணினி. எரிபொருளை மிச்சப்படுத்த அது வோல்டேஜை 13-க்குக் கீழேயும் இறக்கும். அப்படிப்பட்ட காரில் புதிய ஆல்டர்னேட்டரும் அதே ஆணையைப் புரிந்துகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், அல்லது தனி வெளி ரெகுலேட்டர் போட வேண்டும். இது தெரியாமல் வாங்கினால் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே கிடையாது, அது வேறு பாடம்.

கெப்பாசிட்டரும் இரண்டாவது பேட்டரியும்

1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் சுமார் 32 ஜூல். 1000 வாட்டுக்கு அது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரம் தாங்கும். ஒரு டிரம் அடியின் முதல் முனையை அது தாங்கிப் பிடிக்கும். நீண்ட பேஸ் இழுவைக்கு உதவாது. விளக்கு மங்குவதற்கு மருந்தாக அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஏஜிஎம் வகை பேட்டரி (அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் லெட் ஆசிட் பேட்டரி) இதைவிட எவ்வளவோ மேல். உள்தடை குறைவு என்பதால் கேட்டவுடன் கொடுக்கும். இரண்டாவது பேட்டரி சேர்ப்பது இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு நல்ல யோசனை. ஆனால் வெவ்வேறு வகை பேட்டரிகளை நேரடியாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டர் தருவதையெல்லாம் உறிஞ்சும். தொடர்ந்து முழுச் சுமையில் ஓடினால் ஆல்டர்னேட்டர் சூட்டில் வெந்துபோகும்.

வேலையில் இறங்கும்போது

ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனை நேராக பேட்டரியோடு இணைந்திருப்பது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஸ்பானரை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சோதிப்பது பழைய பழக்கம், தயவுசெய்து செய்யாதீர்கள். சுமை திடீரென விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். காரின் கணினி உட்படப் பல பாகங்கள் அதில் போய்விடலாம்.

மாட்டி முடித்ததும் முன்பு எடுத்த அதே இடங்களில், அதே பாட்டோடு, அதே சத்தத்தில் மறுபடி அளவெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு லக்குகளைத் தொட்டுப் பாருங்கள், மற்ற இடங்களைவிட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்த இணைப்பு சரியில்லை. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் முதலில் எர்த்தைச் சோதியுங்கள். எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் (மாறுதிசை மின்சார) அளவுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக வாங்கியதாக இருந்தாலும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.